ஆணியைப் பிடுங்கியவர்

இரவு பதினொன்றரை மணி. மார்கழி. சோழபுரத்துக்கு வெளியே காட்டுக்குள் போகும் வண்டிப்பாதை. ஓர் ஆள் தனியாக நடந்து போகிறார். ஒரு கையில் டார்ச் லைட். மறு கையில் குறடு… ஆணி பிடுங்குகிற குறடு.

காமராஜ், கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். எண்பத்து நான்கில் நடந்தது இது. அந்த ஆள் என் மனைவியின் பெரியப்பா, சோலைச்சாமி. இதை அவள்தான் எனக்குச் சொன்னாள். அவள் இருந்தபோது.

பெரியப்பா ஒரு மாதிரியான மனுஷன். தெருநாயை "வாங்க, சாப்பிடுங்க" என்பார். பஞ்சாயத்துத் தலைவரை "ஏலே" என்பார். கோயில் கொடை விழாவுக்கு வரி கொடுப்பார், கும்பிடப் போக மாட்டார். கேட்டால், "சாமிக்கு என்னைத் தெரியும். பொறவு எதுக்கு ஆஜர் குடுக்கணும்?" என்பார்.

அவர் மனைவி பிச்சையம்மாள் ராஜபாளையத்தில் ஒரு ஜின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே செத்துப்போனார். சில மாதங்களில், பெரியப்பாவின் தம்பி மனைவி அங்காளம்மாள் இருமத் தொடங்கினார். அங்காளம்மாள் என் மாமியார். இருமல் மட்டும் பிச்சையம்மாளுடையது. குட்டையாக ஒன்று… பிறகு நீளமாக ஓர் இழுப்பு. தூக்கத்தில் பிச்சையம்மாள் குரலிலேயே பேசினார். "தனியா இருக்க முடியலை… தனியா இருக்க முடியலை…"

பேயோட்டுகிற கோடாங்கி வேல்சாமியைக் கூட்டி வந்தார்கள். உடுக்கடித்தார். அங்காளம்மாளைக் காட்டுப் புளியமரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், உச்சிமுடியில் ஒரு கற்றையை மரத்தோடு வைத்து ஆணி அடித்தார். பிறகு முடியை அறுத்துவிட்டார். பேய் மரத்தோடு கட்டுப்பட்டுவிடும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. இருமல் நின்றது. அங்காளம்மாள் கஞ்சி குடித்தார்.

பெரியப்பா அப்போது ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ராத்திரி வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். தட்டு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். நேரே கோடாங்கி வீடு.

"ஏலே வேல்சாமி, எம் பொண்டாட்டியவா மரத்துல அறைஞ்சு வச்சிருக்க?"

"அது ஒங்க பொண்டாட்டி இல்ல அண்ணாச்சி. பேயி."

"பேயாப் போயிட்டா எம் பொண்டாட்டி இல்லைன்னு ஆயிருமா?"

"ஆணியப் புடுங்கினா அவ சும்மா போக மாட்டா. யாரையாச்சும் புடிச்சே தீருவா. தம்பி பொண்டாட்டிய நெனச்சுப் பாருங்க. பிள்ளைக சின்னது."

"நெனச்சுப் பாத்தாச்சு. புடிக்கணும்னா என்னையப் புடிக்கட்டும். தாலி கட்டுனவன் நாந்தானலே?"

பிறகு நடந்ததெல்லாம் அவரே சொன்னது.

மரத்தடியில் காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை. அந்த முடிக்கற்றை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. குறட்டை வைத்து இழுத்தார். 'க்றீச்'… ஆணி பாதியில் நின்றது. காலை மரத்தில் ஊன்றி இழுத்தார். வந்துவிட்டது. உடனே வாசம்… பருத்திக்கொட்டை வாசம். மில்லிலிருந்து வரும்போது அவர் மனைவி சேலையில் இருக்கிற வாசம். பிறகு பின்கழுத்துக்குப் பக்கத்தில், சூடாக, ஓர் இருமல்.

அவர் திரும்பவில்லை.

"ஏட்டி பிச்சை, நல்லாக் கேட்டுக்கோ. அங்காளம்மாகிட்டப் போனேன்னு தெரிஞ்சுது, எனக்குக் கெட்ட கோவம் வரும். அவ பிள்ளைகள வளக்கணும். தனியா இருக்க முடியலைன்னா எங்கூட வா. வாரியா?"

டார்ச்சைப் பாதைப் பக்கம் திருப்பினார். பிறகு நடந்தார். பாதையில் இரண்டு பேர் நடக்கிற சத்தம். "மெதுவா வா. முள்ளு கெடக்கு" என்றார்… திரும்பாமலே.

அங்காளம்மாள் அதற்குப் பிறகு ஒரு நாளும் இருமவில்லை.

பெரியப்பா வருஷா வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போக ஆரம்பித்தார். பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுப்பார். "இன்னொரு ஆள் எங்க பெரியவரே?" என்று கண்டக்டர் கேட்டால், "ஜன்னலோரம் இருக்கால்ல, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். அவர் அசர மாட்டார். ஒரு தடவை கூட்டம். ஒருவர் அவரைத் தள்ளிக்கொண்டு போய் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டார். வன்னியம்பட்டி விலக்கு வருவதற்குள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. "யாரோ மடியில உக்காந்த மாதிரி இருக்கு" என்றார்.

தொண்ணூற்று மூன்றில் பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். ஊர் மயானத்தில் எரித்தார்கள். மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போனார்கள். விறகு அடுக்கி எரித்தவர் அதற்குள் எலும்பைப் பொறுக்கி, சாம்பலை ஆள் படுத்திருப்பது மாதிரி கூட்டி வைத்திருப்பார். அந்த உருவத்தின் மேல்தான் பால் ஊற்றுவது.

எரித்தவர் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"அய்யா கோவிச்சுக்கிடாதிய… நேத்து ஒருத்தரத்தான வச்சிய? எலும்பு மிஞ்சிப்போச்சு. வீசவும் மனசு வரல. அதான்…"

தரையில் இரண்டு உருவங்கள் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில். ஒன்று கொஞ்சம் குட்டை.

கோடாங்கிதான் முதலில் வாயைத் திறந்தார். "சின்னதக் கலைச்சு விட்ருங்க."

என் மாமனார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு செம்புப் பால்தான் கொண்டுபோயிருந்தார்கள். குனிந்து, சிந்தாமல், அதை இரண்டு பேருக்கும் ஊற்றினார்.