வடிகட்டிய தண்ணீர்

எங்கள் ஜைன வீடுகளில் துணியில் வடிகட்டாத தண்ணீரைக் குடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் இருக்கும். கல்யாணமாகித் திருப்பருத்திக்குன்றத்துக்கு வந்த நாள் முதல் அந்த வேலை என்னுடையது.

டாக்டர், போன வாரம் என் கணவர் பார்சுவநாதனின் கண்களைப் பார்த்துவிட்டு, மருந்துதான் தோற்றுவிட்டது என்றீர்கள். எனக்கு நேரில் பேச வராது, அதனால் எழுதுகிறேன். நான் ரசாயனம் படித்தவள். மருந்தின் மேல் பழி விழுந்தது பொறுக்கவில்லை.

அவர் பட்டுப்புடவைகளுக்குக் கட்டத்தாளில் டிசைன் வரைகிறவர். ஊர் நாடகத்தில் பெண் வேஷமும் போடுவார். அறுபத்தெட்டாம் வருஷம் போட்ட நாடகத்தில் பி.எஸ்ஸி. படித்த மனைவி வேலைக்குப் போவாள், புருஷன் சமைப்பான். மனைவியாக இவர் வந்தார். என் புடவை, என் நடை, யாராவது கேள்வி கேட்டால் முந்தானை நுனியை விரலில் சுற்றும் என் பழக்கம். நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தேன். கடைசிக் காட்சியில் மனைவி புருஷன் காலடியில் வீட்டுச் சாவிக்கொத்தை வைக்க வேண்டும். வசனம் அவருக்கு மறந்துபோயிற்று. "படிச்ச திமிர்ல ஆடிட்டேன், மன்னிச்சுடுங்க" என்று நான்தான் மெல்லச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். ஊரே சிரித்தது.

அந்த வாரமே ஒரு பள்ளியிலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. "நாடகம் பாத்தியேமா, அப்புறம் இன்னா?" என்று சிரித்துக்கொண்டே கிழித்தார். கெட்டவர் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குக் கண் வலித்துப் பார்வை மங்கியது. கண்ணில் அழுத்தம் என்றீர்கள். மிச்சப் பார்வை நிலைக்க மூன்று வேளையும் சொட்டு மருந்து கொடுத்தீர்கள். அவரால் வரைய முடியவில்லை. நான் அதே பள்ளியில் சேர்ந்தேன். முதல் நாள் வீடு திரும்பியபோது அவர் பருப்பு கடைந்துகொண்டிருந்தார். "இன்னா மேடம், காப்பி போடட்டா?" என்றார். கல்யாணமாகி அன்றுதான் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

மருந்து வேலை செய்தது. வலி அடங்கியது. மறுபடி கட்டத்தாளை எடுத்தார். "அடுத்த மாசத்துலேர்ந்து நீ போவ வாணாம்மா, சாவியக் குடுத்துடு" என்றார். அதே நாடகக் குரல்.

மருந்துப் புட்டியைக் காலிசெய்து கழுவினேன். உப்பைப் பள்ளித் தராசில் நிறுத்துத் தண்ணீரில் கரைத்து அதில் நிரப்பினேன். கண்ணீரில் உள்ள அளவுதான். எரியாது. பிறகு நீங்கள் மாற்றிக்கொடுத்த புட்டிகளையும் அப்படியே செய்தேன். பதினான்கு மாதம்.

இப்போது அவரை வாசல்வரை நான்தான் கைபிடித்து அழைத்துப்போகிறேன். பக்கத்து வீட்டு அஞ்சனாவிடம் என்னைப் பற்றி, "எங்க பிராமி ஒரு வேளை மருந்துகூட தப்பவுட்டதில்லமா" என்கிறார். அதைக் கேட்ட நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆனால் அவர் சொல்வது உண்மை. ஒரு வேளையும் தவறவில்லை. அந்தத் தண்ணீரை இரண்டு முறை வடிகட்டினேன், டாக்டர். என்னால் ஓர் உயிருக்கும் தீங்கு வந்ததில்லை.