ஞாயிறு, மற்ற நாள்

வீங்கிய விரலைக் குளிர்ந்த கையால் தொடக் கூடாது. அதனால் என் மேசையில் எப்போதும் ஒரு டம்ளர் வெந்நீர் இருக்கும். ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் அதைப் பிடித்து உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டுதான் அவர்கள் கையை வாங்குவேன். டாக்டருக்கு இந்த விஷயமே தெரியாது. அவர் யார் கையையும் தொடுவதில்லை.

மூட்டுவாதப் பிரிவில் மருத்துவ உதவியாளராகப் பதினெட்டு வருடம் இருந்தேன். காலையில் எழுந்ததும் விரல் மடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கேட்பது நான். இருபத்தெட்டு மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது நான். சீட்டு எழுதி, மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டு, எந்த நாளில் சாப்பிட வேண்டும் என்று உறைமேல் கொட்டை எழுத்தில் எழுதுவதும் நான்தான். டாக்டர் உறையைத் திறந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். கண் போனில் இருக்கும்.

நாங்கள் தருவது இரண்டு சின்ன மஞ்சள் மாத்திரைகள். ஒன்று நோயை அடக்குவது, வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் ஆளையே முடித்துவிடும். மற்றது வெறும் சத்து மாத்திரை, மீதி ஆறு நாளுக்கு. முதல் உறையில் 'ஞாயிறு' என்று எழுதுவேன். அடுத்ததில் 'மற்ற நாள்'.

தையற்கார அம்மா முதலில் வந்தபோது அவரால் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. ஒன்றரை வருடத்தில் காஜா எடுக்கும் அளவுக்குக் கொண்டுவந்தேன். அதற்காக எனக்கு ஒரு சட்டை தைத்து எடுத்துவந்தார். அளவே எடுக்கவில்லை, ஆனாலும் தோள் கச்சிதமாக இருந்தது. இப்போது போட்டிருப்பது அதுதான்.

அன்று அந்த அம்மா அதைக் கொடுக்கும்போதே டாக்டர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, சட்டை இவருக்கா? நான் கையெழுத்து போடலன்னா இவர் எழுதறதெல்லாம் வெறும் கிறுக்கல்."

அந்த அம்மா சிரித்தார். மரியாதைக்குச் சிரித்தார் என்று எனக்குத் தெரியும். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

என் கோபமெல்லாம் டாக்டர் மேல்தான். சோறு இறங்கவில்லை. என் உழைப்பில் பேர் வாங்கிக்கொண்டு, என் நோயாளி முன்னாலேயே என்னைச் செல்லாக்காசாக்கிவிட்டார். அடுத்த மாதம் அந்த அம்மா வந்தபோது நோயை அடக்கும் கடுமையான மாத்திரைகளை நிறைய எண்ணிப் போட்டு, அந்த உறையில் 'மற்ற நாள்' என்றும், சத்து மாத்திரை உறையில் 'ஞாயிறு' என்றும் எழுதினேன். டாக்டர் திறந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். பார்க்காவிட்டால் யாருடையது கிறுக்கல் என்று ஊருக்கே தெரிந்துவிடும். நியாயமான பரீட்சைதான். அவர் போனைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

என் மேசைக்குத் திரும்பி வந்ததும் அந்த அம்மா உறையைத் திறந்து பார்த்தார். நூலில் நிறம் பிரித்துப் பழகிய கண்.

"ஞாயித்துக்கெழம மாத்திரதான தம்பி கொஞ்சம் வெளிறின மஞ்சளா இருக்கும்? மாறிப்போச்சா?"

"கம்பெனி மாத்திட்டாங்கம்மா. எழுதியிருக்கறபடி சாப்பிடுங்க."

ஒன்பதாம் நாள் போன் செய்தார். டாக்டருக்கு அல்ல, எனக்கு.

"வாயெல்லாம் புண்ணு தம்பி. தண்ணிகூட எறங்கல. டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

"அவர் எதுக்கும்மா? உப்புத் தண்ணில கொப்புளிங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

அந்தப் புண் எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். அன்றே நிறுத்தச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் விஷயம் அத்தோடு அமுங்கிப்போயிருக்கும், டாக்டர் தப்பித்திருப்பார். பதினேழாம் நாள் அந்த அம்மா இறந்துபோனார். உறையில் டாக்டரின் கையெழுத்து இருக்கிறது. நீங்களே பார்த்தீர்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அதை மறைக்க நான் உங்கள் ஸ்டேஷனில் உட்காரவில்லை.

ஒரே ஒரு விஷயம். வேறு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது அந்த அம்மா வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததாக அவர் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறார். "தம்பி எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாராம். டாக்டர் பேச்சையே எடுக்கவில்லையாம். அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்.