வாங்காம இருக்க ஒரு போன்

அண்ணி: ...சத்தமா பேச முடியாதுடி. கடையில, ட்ரையல் ரூமுக்குள்ள நிக்கிறேன்.

நாத்தனார்: மறுபடியும் துணியா அண்ணி?

அண்ணி: துணி இல்ல. கைப்பை.

நாத்தனார்: கைப்பைக்கு எதுக்கு ட்ரையல் ரூம்?

அண்ணி: வெளிய கண்ணாடி முன்னாடி நின்னா சேல்ஸ் பொண்ணு சிரிக்குது. கடைக்குள்ள நுழையும்போதே, "வாங்கக்கா, புதுசு வந்திருக்கு"ன்னு ஓடி வந்துச்சு. மாமியார் வீட்டுலகூட எனக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைச்சதில்ல.

நாத்தனார்: அந்த மாமியார் எங்க அம்மா.

அண்ணி: சரி, விடு. வாங்கச் சொல்லிக் கை அரிச்சா ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணணும்னு நீதானே ஒப்பந்தம் போட்ட? பண்ணிட்டேன். திட்டு.

நாத்தனார்: வீட்டுல இருக்கிற பையெல்லாம் போதாதா?

அண்ணி: நீ வேற. ஒரு தடவை ஆசை ஆசையா ஒண்ணு வாங்கிட்டு வந்து பீரோவைத் திறக்கறேன்... அதே பை, அதே நிறம், டேக் கூடப் பிரிக்காம தொங்குது. ரசனை மட்டும் மாறவே இல்லன்னு என்னை நானே தட்டிக்கொடுத்துக்கிட்டேன்.

நாத்தனார்: சிரிக்க வைக்காதீங்க, அப்புறம் திட்ட வராது. உங்க பொண்ணை நினைச்சுப் பாருங்க.

அண்ணி: நினைச்சுத்தான்டி போன் பண்ணேன். அவ ரூம் பூரா நான் வாங்கின பெட்டியா அடுக்கி வெச்சிருந்தேன், பாவம், அவ ஹால்ல கிடந்தா. இப்பதான் காலி பண்ணிக் கொடுத்தேன். இன்னும் ஒரே ஒரு பை உள்ள வந்தாலும் அத்தை வீட்டுக்குப் போயிடுவாளாம். அங்க ரூம் சும்மாதானே கிடக்குங்கறா.

நாத்தனார்: இங்கயா? இங்க எதுக்கு? அதாவது... பொண்ணு அம்மாகூடதானே இருக்கணும்.

அண்ணி: மிரட்டல் இல்லடி. துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டா. அப்படியும் இதை விட முடியல பாரேன். வீடு போய்ச் சேர்ற வரைக்கும்தான் சந்தோஷம். கதவைத் திறந்ததும் திருட்டு முழி. தெரிஞ்சும்...

நாத்தனார்: என்ன நிறம்?

அண்ணி: கருஞ்சிவப்பு. பித்தளை பக்கிள்.

நாத்தனார்: உள்ள ஜிப் இருக்கா?

அண்ணி: இருக்கு... எதுக்குக் கேக்குற?

நாத்தனார்: திட்டறதுக்கு விவரம் வேணாமா? கடைசிப் பீஸா?

அண்ணி: ஆமா, அதான் உயிர் போகுது. ஆமா, இங்க ஓடுற பாட்டே உன் பக்கமும் கேக்குதே?

நாத்தனார்: அது... டீவி. பேச்சை மாத்தாதீங்க. போய் வெச்சுட்டு வெளிய வாங்க. நான் லைன்லயே இருக்கேன்.

அண்ணி: ம்... இரு... வெச்சுட்டேன்.

நாத்தனார்: நிஜமா?

அண்ணி: உங்க அண்ணன் மேல சத்தியமா.

நாத்தனார்: அதான் அவருக்கு அடிக்கடி காய்ச்சல் வருது.

அண்ணி: நிஜமாத்தான்டி! வாசலுக்கே வந்துட்டேன். வெறுங்கையோட. நல்லாத்தான் இருக்கு. பொண்ணு மூஞ்சியில முழிக்கலாம். நீ மட்டும் இல்லேன்னா... தெய்வம்டி நீ.

நாத்தனார்: ...ம். வீட்டுக்குக் கிளம்புங்க. ...அண்ணி, எடுத்த இடத்துலதானே வெச்சீங்க?

அண்ணி: அது வந்து...

நாத்தனார்: அண்ணி!

அண்ணி: கோவிச்சுக்காத. நாளைக்கு மனசு மாறினா இருக்கட்டுமேன்னு... குழந்தைங்க மழைக்கோட்டுக்குப் பின்னாடி சொருகிட்டேன்.

நாத்தனார்: அதானா! பை வரிசை பூரா கிளறிட்டேன், காணோமேன்னு...

அண்ணி: ...எங்கடி கிளறின?

நாத்தனார்: ...அண்ணி, போயிடாதீங்க. உள்ள வந்து என்னையும் இழுத்துட்டுப் போங்க. பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க, அத்தை வீட்டுல ரூம் இல்லன்னு. கட்டில் மேல வரைக்கும் பெட்டிதான் அண்ணி... நான் நாற்காலியிலதான் தூங்கறேன்.