மச்சானுக்குத் தனிப் பாத்திரம்

ஸ்த்ராகோத்தோவுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. அது எந்த ஒயினில் வெந்ததோ, அதே ஒயின்தான். கழுதைக்கறியை லம்ப்ரூஸ்கோவில் ஊறப்போட்டு, அதிலேயே நாள் முழுக்க வேகவிட்டு, சோளக்களியின் மேல் ஊற்றி, பக்கத்தில் ஒரு குவளை லம்ப்ரூஸ்கோ வைத்தால் தீர்ந்தது. நீங்கள் தெற்கு இத்தாலிக்காரர். சூப்பில் சிவப்பு ஒயினை ஊற்றிக் குடிப்போம் என்று சொன்னதற்கே முகத்தைச் சுளித்தீர்கள். பரவாயில்லை, மாந்துவாவில் இன்னொரு குளிர்காலம் இருந்தால் நீங்களும் ஊற்றுவீர்கள்.

என் மச்சான் அல்சீதேயைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கடையில் பாதி என்னுடையது, பாதி என் அக்காவுடையது. அக்கா இறந்த பிறகு அவள் பாதி அவள் புருஷனான மச்சானுக்கு வந்தது. நான் அடுப்படி, அவர் கல்லா. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் பேரிக்காய் பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டார். உயிர் பிழைத்தது, மணமும் ருசியும் போய்விட்டன. வெங்காயமும் ஆப்பிளும் அவருக்கு ஒன்றுதான். அழுதார். நானும் அழுதேன். எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் கண் கலங்கும். சமையல்காரன் என்பதால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்வேன்.

அடுத்து இதயமும் தளர்ந்தது. டாக்டர் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்: "உப்பு கூடாது. ஒயின் கூடவே கூடாது. குடுத்தீங்கன்னா நீங்களே குழி வெட்டுற மாதிரி." எனக்கு நன்றாகப் புரிந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள். புரியாமல் செய்தேன் என்று எந்த வக்கீலாவது சொன்னால் எனக்குத்தான் அவமானம்.

மச்சான் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு சின்ன விஷயம் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவர் கடையை மூடவில்லை. எங்கிருந்தோ பாக்கெட்டில் அடைத்த ஸ்த்ராகோத்தோவை வாங்கிச் சூடாக்கி, அட்டைப்பெட்டி ஒயினைக் கூஜாவில் ஊற்றி வைத்துவிட்டார். நான் எழுந்து வந்தபோது காலித் தட்டுகளைக் காட்டினார்.

"பாரு மாப்ளே, நக்கி வெச்சிருக்கானுங்க. ஒருத்தன் வாயத் திறக்கல. நீ எதுக்கு நாள் பூரா அடுப்புல வேகுறே? இனிமே பாக்கெட்டே வாங்கிப் போட்டுருவோம்."

"ருசின்னு ஒண்ணு இருக்கே மச்சான்."

"அதெல்லாம் நீயா கட்டி விட்ட கதைடா."

நான் சிரித்தேன். இதில் கோபப்பட என்ன இருக்கிறது. ருசி தெரியாத மனிதர், பாவம்.

அவருக்கென்று ஒரு சின்னப் பாத்திரம் வைத்தேன். முதல் நாள் டாக்டர் சொன்னபடியே கறியை வெறும் தண்ணீரில், உப்பில்லாமல் வேகவைத்தேன். துவைத்த சாக்குத்துணி மாதிரி இருந்தது. அதைப் போய் ஒரு மனிதருக்கு முன்னால் வைப்பதா. மறுநாளிலிருந்து பெரிய பாத்திரத்திலிருந்தே சின்னப் பாத்திரத்துக்கு அள்ளிவிட்டேன். நிறத்தைப் பார்த்துக் கேட்டார். திராட்சைச் சாறு என்றேன். குடிக்கவும் நுரைக்கும் திராட்சைச் சாறுதான் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அதுவும் நுரைக்கும், லம்ப்ரூஸ்கோவும் நுரைக்கும். சாப்பிட்டதும் உடம்பில் ஒரு சூடு ஏறுகிறது, இதயம் தேறி வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

நல்ல சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தால் நாக்கு ஒருநாள் விழித்துக்கொள்ளும் என்று நம்பினேன். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை.

பிறகு கால்கள் வீங்கின. செருப்பு நுழையவில்லை. ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். என்னைப் பார்க்கிற பார்வையும் மாறியது.

"மாப்ளே, நீ மொதல்ல தின்னு."

"எதுக்கு மச்சான்?"

"சும்மாதான். வேளா வேளைக்கு உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாப்பிட்டா எறங்கும்ல."

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அவர் தட்டில் முதல் வாய் என்னுடையது. மனதாரச் சாப்பிட்டேன், என் இதயம் டிராக்டர் மாதிரி. அவர் இளைக்க, நான் பெருத்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மென்றோம். அதற்கு முன் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை.

என் மேல் சந்தேகம் என்று தன் மகள் ஒர்னெல்லாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் பார்மாவிலிருந்து வந்து, ஒரு டப்பாவில் கறியை எடுத்துப்போய் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தாள். விஷம் இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றார்கள். உப்பு இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா. அப்பா சொன்னாரேன்னு உங்களைப் போயி..."

"பெத்தவர் மேல பாசம்மா. இருக்க வேண்டியதுதானே." பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். குழந்தை மெலிந்திருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடை விடுமுறை, நாங்கள் இருவர் மட்டும். முதல் வாயை நான் சாப்பிட்டேன். இரண்டாவது வாயை அவர். மென்றவர் நிறுத்தினார். மறுபடி மென்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மாப்ளே... கிராம்பு! கிராம்பு தெரியுதுடா எனக்கு."

எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டேன். இருவரும் அழுதோம். குவளையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். அழுகை நின்றது. குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது ஒயின்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. "கறியிலயும்... எல்லாத்துலயுமா?"

"கடைசியில ருசி வந்துருச்சு பாருங்க மச்சான்."

"ஒர்னெல்லாவக் கூப்பிடு. டாக்டரக் கூப்பிடு." நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் டெலிபோனை எடுத்தேன், ஐயா. கையில் எடுத்துவிட்டேன். அப்போது அவர் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "சனியனே, உப்பும் தூக்கல்."

டெலிபோனை மேஜை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பாத்திரத்தில் ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஒருவேளை அடியில் கூடியிருக்குமோ என்று கலக்கி இன்னொரு கரண்டி எடுத்தேன். அதுவும் சரியாகவே இருந்தது. பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் கை டெலிபோன் வரை எட்டவில்லை போலிருக்கிறது. மூச்சு இழுக்கும் சத்தமும் கேட்டது. களியோடு சேர்த்தும் பார்த்தேன். ஒயினோடு சேர்த்தும் பார்த்தேன். நான் திரும்பி வந்தபோது அவர் அமைதியாகிவிட்டிருந்தார். அதற்குப் பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. நாக்கு செத்துப்போன மனுஷன், அவருக்கு என்ன தெரியும்.