சாரத்து மதிலில் ஆறாவது சுவரொட்டி

என் பெயர் மதிவாணன், வயது 20, தகப்பனார் பெயர் குமாரவேல். புதுச்சேரி சாரத்தில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாக நிலையத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து இதைச் சொல்கிறேன். குருசுக்குப்பத்தைச் சேர்ந்த என் நண்பன் நாகராஜ், தான் செய்யாத தவறுக்காகத் தன் அம்மாவுக்குக் கொள்ளி வைக்க விடாமல் தடுக்கப்பட்டான். நாளை மறுநாள் கருமாதி. அதிலாவது அவன் உட்கார வேண்டும்.

கல்லூரியில் குழுவுக்கு ஒரு டிரெய்லர் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் நான், நாகராஜ், சுவேதா ஆகிய மூவர். இயக்கமும் வடிவமைப்பும் நான், கேமரா சுவேதா, நடிப்பு நாகராஜ். ரவுடிப் படம்தான் என்று முடிவு செய்தது நான். படத்தின் பெயர் கழிமுகம், ரவுடியின் பெயர் துறைமுகம் சேகர். இருபத்திரண்டு ஷாட்டுகளையும் சார்ட் பேப்பரில் வரைந்து என் அறையில் ஒட்டி வைத்தேன். மற்ற குழுவெல்லாம் அரிவாளில் ஆரம்பிக்கும், நாம் சாவில் ஆரம்பிப்போம் என்றேன். முதல் ஷாட்டில் சேகரின் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும், அதன் பிறகு அவன் உயிரோடு வர வேண்டும். இருவரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு சுவரொட்டியை வடிவமைத்தேன். நம் ஊர் அஞ்சலி சுவரொட்டியில் இருக்கும் படம் பெரும்பாலும் ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்ததாக இருக்கும் என்பதால், நாகராஜின் அக்கா கல்யாணப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதில் அவன் தோளில் ஒரு கை இருந்தது. வளையலோடு சேர்த்து அதைக் கம்ப்யூட்டரில் அழிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அது அவன் அம்மா அஞ்சலாட்சியின் கை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று எழுதுகிற ஏட்டையா சொன்னார். தேவை என்று நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது.

இம்மாதம் 4ஆம் தேதி காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள மதிலில் ஆறு சுவரொட்டிகளை வரிசையாக ஒட்டினோம். குருசுக்குப்பத்தில் ஒட்டினால் அவன் ஊரார் பார்த்துவிடுவார்கள் என்றுதான் சாரத்தில் ஒட்டினோம். ஒட்டும்போதே நாகராஜ், "டேய், சூட்டிங் முடிஞ்சதும் கிழிச்சிடணும். பதினோரு மணிக்கெல்லாம் எங்கம்மா மீன் எடுத்துக்கினு இந்தத் தெருவுக்குதான் வரும். அதுக்குப் படிக்கத் தெரியாது. என் மூஞ்சிய பாத்துச்சுன்னா அவ்ளோதான்" என்றான். சரி என்றேன்.

ஆனால் ஷாட் எடுத்தபோது தெருவில் போன ஒருவர்கூடச் சுவரொட்டியைப் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒன்பது மணிக்கு நாகராஜ் கிழிக்க ஆரம்பித்து ஐந்தைக் கிழித்ததும், அடுத்த ஷாட்டுகளைப் படகில் எடுக்க வேண்டும், நேரமாகிறது, நீ போய்க் கை கழுவு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனை வீட்டுக்குள் அனுப்பினேன். அதன் பிறகு மாடிக்குப் போய், என் பழைய போனைப் பூந்தொட்டிகளுக்கு நடுவில் மதிலைப் பார்த்து வைத்துப் பதிவை ஓடவிட்டு, நாகராஜையும் சுவேதாவையும் பின்பக்க வழியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு நோணாங்குப்பம் போனேன். வழியில் நாகராஜ், "கிழிச்சிட்ட இல்ல?" என்று கேட்டான். கிழித்துவிட்டேன் என்றேன். பத்தரைக்குள் நாலு பேர் நின்று பார்த்துவிடுவார்கள், பக்கத்து வீட்டு மாலா அக்காவுக்குப் போன் செய்து கிழிக்கச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒலிப்பதிவில் சத்தம் வரக் கூடாது என்று மூவரின் போனையும் நானே வாங்கி என் பையில் போட்டு வைத்தேன். படகில் ஏறியதும் மாலா அக்காவுக்குப் போன் செய்ய மறந்துவிட்டேன்.

அந்தப் பதிவை நான் பார்த்துவிட்டேன். பதினொன்று பதினேழுக்கு அஞ்சலாட்சி அம்மா வருகிறார். மீன் அன்னக்கூடையை மதிலோரம் இறக்கி வைக்கிறார். புடவைத் தலைப்பால் படத்தைத் துடைத்துப் பார்க்கிறார். அதன் பிறகு போனை எடுத்துக் காதில் வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். என் பையில் இருந்த நாகராஜின் போனில் எட்டு அழைப்புகள் இருந்தன. அதன் பிறகு மெயின் ரோடு பக்கம் ஓடுகிறார். அங்கே நடந்தது பதிவில் இல்லை. இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டில் இறங்கினார் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். தண்ணீர் லாரி ஓட்டியவர் மீது தவறு இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரு மணிக்குச் செய்தி தெரிந்தது. அவர்கள் இருவரையும் ஆட்டோவில் அனுப்பிவிட்டு நான் முதலில் வீட்டுக்குத்தான் போனேன். ஆறாவது சுவரொட்டியைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதன் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். அதற்குள் உயிர் போயிருந்தது. நாகராஜின் கன்னத்தில் படத்துக்காகச் சுவேதா வரைந்த வெட்டுத் தழும்பு அழியாமல் இருந்தது. அவன் என்னை ஓரமாகக் கூட்டிப் போய், "நீ கிழிக்கலன்னு எனக்குத் தெரியும். உன் பேரு வந்துச்சுன்னா எங்க ஆளுங்க உன்ன உயிரோட வுட மாட்டாங்க. நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரி என்றேன்.

மறுநாள் சுடுகாட்டில் அவன் சித்தப்பா பாவாடை அவன் கையில் இருந்த கொள்ளியைப் பிடுங்கி, "பெத்தவள நீயே கொன்னுட்டு இது வேறயா?" என்று தள்ளிவிட்டார். பாவாடையின் மகன் கொள்ளி வைத்தான். நாகராஜ் ஒரே ஆண் பிள்ளை. அப்போதும் அவன் என் பெயரைச் சொல்லவில்லை. நான் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தான்தான் மறந்ததாக நாகராஜ் இந்த நிலையத்தில் சொல்லியிருப்பது பொய். பதிவு உள்ள போனை ஒப்படைத்திருக்கிறேன். இதைப் பாவாடையிடம் போலீசார் படித்துக் காட்ட வேண்டும், எனக்கு நேரில் போகப் பயமாக இருக்கிறது என்று முதலில் எழுதச் சொன்னேன். படித்துக் காட்டுவது எங்கள் வேலை இல்லை என்றார்கள். அந்த வரி அடிக்கப்பட்டு, பக்கத்தில் என் கையெழுத்து வாங்கப்பட்டது. அதற்குப் பதிலாக, இங்கிருந்து குருசுக்குப்பம் போய்ப் பாவாடையிடம் நானே சொல்கிறேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை நானே வாங்கி இரண்டு முறை படித்தேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
கு. மதிவாணன்