குழந்தையம்மாளின் ஒன்பது பயணங்கள்

கயல்விழி: ஏனுங்கண்ணா, இந்தக் குழந்தையம்மாள்ங்கறது ஆருங்க?

தம்பிதுரை: என்ற மாமியாருங்க. ஏன் கேக்கறீங்க?

கயல்விழி: இந்த மாசம் மட்டும் நம்ம ஃப்ளைட்டுல ஒம்பது தடவை சென்னைக்குப் போயிருக்காங்க.

தம்பிதுரை: ...சுறுசுறுப்பான பொம்பளைங்க.

கயல்விழி: வயசு எண்பத்தேழுன்னு போட்டிருக்குதுங்க.

தம்பிதுரை: அதெல்லாம் அந்தக் காலத்து ஒடம்புங்க அம்மணி. ராகிக்களி தின்னு வளர்ந்தது.

கயல்விழி: போனாங்க, சரி. ஒருக்காக்கூடத் திரும்பி வரலையேங்க. ஒம்பது தடவை போறது மட்டும் எப்புடிங்க?

தம்பிதுரை: அட, டீ வந்துருச்சு பாருங்க.

மாரப்பன்: தலைவருங்க, டீ. சக்கரை கம்மி. ஆரு, உங்க மாமியாரைப் பத்தியா பேசிக்கறீங்க? நேத்துக்கூட ஊட்டு வாசல்ல மொளகா காயப்போட்டுட்டு இருந்தாங்களே. என்னையப் பாத்து நல்லாருக்கயான்னு கேட்டாங்க.

தம்பிதுரை: மாரப்பன், நீங்க போயி கேன்டீனைப் பாருங்க.

மாரப்பன்: அங்க என்ன சோலிங்க இருக்குது? ஃப்ளைட்டே இன்னும் நாப்பது நிமிசம் லேட்டுங்க.

கயல்விழி: இருங்க மாரப்பண்ணா. நேத்து ஃப்ளைட்டுக்கு எத்தனை டீ வித்தீங்க?

மாரப்பன்: பதினாலுங்க. அதுல ரெண்டு போலீஸ்காரருக்கு. ஒண்ணு நான் குடிச்சது.

கயல்விழி: நான் டிக்கெட்டு வித்தது நாப்பத்தொம்பதுங்க.

தம்பிதுரை: வெயிலுக்கு ஆருங்க டீ குடிப்பாங்க?

கயல்விழி: அண்ணா...

தம்பிதுரை: சொல்லுங்க அம்மணி.

கயல்விழி: நான் இந்த ஏர்போர்ட்டுல கம்பெனி கவுண்டருக்கு மேனேஜராகி ரெண்டு வருசமாச்சுங்க. "பயணி குழந்தையம்மாள், உடனடியாக வாசலுக்கு வரவும்"னு மைக்குல கூப்பிட்டுக் கூப்பிட்டு என்ற தொண்டை காஞ்சு போச்சு. ஒரு நாளும் வந்ததில்லை. அவங்களாட்ட தெனமும் முப்பது பேரு. பேரு வருது, ஆளு வர்றதில்லை. ஆருங்க இவங்கெல்லாம்?

தம்பிதுரை: ...கதவைச் சாத்துங்க.

கயல்விழி: இங்க கதவே இல்லீங்க. கேக்கறதுக்கு ஆளும் இல்லீங்க. தாராளமாச் சொல்லுங்க.

தம்பிதுரை: இந்த ஏர்போர்ட்டு சும்மா வந்துச்சுங்களா? வியாபாரிகள் சங்கத் தலைவருன்னு பதினோரு வருசம் மனுவைத் தூக்கிட்டு அலைஞ்சேன். டெல்லில ஒரு ஆபீஸ் பாக்கியில்லை, செருப்புத் தேய நடந்தேன். மொதல்ல ஒரு கம்பெனிக்காரன் வந்தான். எட்டே மாசத்துல ஆளில்லைன்னு போயிட்டான். ரெண்டாவது வந்தவன் ஃப்ளைட்டு ரிப்பேருன்னு ஓட்டிட்டுப் போனான், திரும்பி வரவே இல்லை. மூணாவது உங்க கம்பெனி. இதையும் உட்டுட்டா ரன்வேயில ஆடு மேயறதுதான்.

மாரப்பன்: இப்பவே மேயுதுங்க. கம்பிவேலிக்கு அக்கட்ட.

தம்பிதுரை: அதனால சங்கத்துல உக்காந்து ஒரு முடிவெடுத்தோம். மொய்யி மாதிரி.

கயல்விழி: மொய்யிங்களா?

தம்பிதுரை: ஆமாங்க. ஊட்டுக்கு மாசம் இத்தனை ஃப்ளைட்டு டிக்கெட்டு எடுக்கோணும்னு. ஆயில் மில்லு வெச்சிருக்கறவங்க கொஞ்சம் சேத்தி. கல்யாணத்துக்குப் போக முடியலைன்னா மொய்ய ஆருகிட்டயாச்சும் குடுத்துவுடறதில்லைங்களா? ஆளு போகலைன்னாலும் பேரை எழுதிப்போடோணும். அதே மாதிரிதான். ஃப்ளைட்டு நெறைஞ்சாச் சரி.

கயல்விழி: அந்த டிக்கெட்டை எப்ப எடுப்பீங்க?

தம்பிதுரை: புக்கிங் தொறந்த அன்னைக்கேங்க. அப்பத்தான் நொம்பச் சல்லிசு. ஏறப் போறதில்லை, அதுக்கு அதிக வெலை குடுத்து எடுக்க நாங்க என்ன பைத்தியமா?

கயல்விழி: அட கெரகமே... அங்கதானுங்க எல்லாம் கவுந்துச்சு.

தம்பிதுரை: என்னங்க, நல்லதுதானே செஞ்சோம்?

கயல்விழி: ஒரு ஃப்ளைட்டுல சல்லிசான சீட்டே ஒரு முப்பதுதானுங்க. அதைப் பூராவும் நீங்க அள்ளிட்டா, நெசமாப் போறவங்களுக்கு மிஞ்சறது அஞ்சாயிரம், ஆறாயிரம். கம்ப்யூட்டருக்கு உங்க மாமியாரைத் தெரியுமுங்களா? இந்த ஊர்க்காரங்க அடிச்சுப் புடிச்சு வாராங்கன்னு நெனச்சு, வெலையை இன்னும் ஏத்திப்போடும். அதைப் பாத்துட்டு வர்றவங்களும் ஓடிர்றாங்க.

மாரப்பன்: ஓ... அதானுங்களா.

தம்பிதுரை: எது அதானுங்களா?

மாரப்பன்: என்ற தங்கச்சி பூவாத்தா இருக்குதில்லைங்க, அது மகளுக்கு போன மாசம் சென்னைல வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. ஒருக்காவாச்சும் ஃப்ளைட்டுல போகட்டும்னு நான் காசு சேத்து வெச்சிருந்தேன். ஆறாயிரத்து எரநூறுன்னு காட்டுச்சு. பஸ்ஸுலயே போயிடுச்சுங்க. "இது நம்மளுக்கு வந்த ஃப்ளைட்டு இல்லீங்க மாமா"ன்னு சொல்லுச்சு. நல்ல வேளை, வேலை கெடைச்சுருச்சு.

தம்பிதுரை: ...என்கிட்ட ஆரும் சொல்லலையே.

மாரப்பன்: நீங்க கேக்கலையேங்க.

கயல்விழி: அண்ணன் மேல மட்டும் தப்பில்லை, மாரப்பண்ணா. இது ஊர்க்காரங்களே வேணும்னு எடுக்கற டிக்கெட்டுன்னு எனக்கு ஆறு மாசமாத் தெரியும். வாயைத் தொறக்கலை. ஃப்ளைட்டு நின்னா என்னைய வேற ஊருக்கு மாத்திருவாங்க. ரெண்டு பொடுசுகளை உட்டுட்டு எங்க போறது? ஸ்கூட்டர்ல பத்து நிமிசத்துல வந்துட்டுப் போற வேலைங்க. அதான் பேசாம மைக்குல கூப்பிட்டுட்டே இருந்தேன்.

தம்பிதுரை: அப்ப இன்னைக்கு மட்டும் என்னத்துக்குக் கேக்கறீங்க?

கயல்விழி: கவர்மெண்ட்டு கம்பெனிக்குக் குடுக்கற உதவிப்பணம் இந்த மாசத்தோட முடியுதுங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு சென்னை ஆபீசுல மீட்டிங். இந்த ஊருக்கு ஃப்ளைட்டு இருக்கோணுமா வேண்டாமான்னு அங்கதான் முடிவு. சங்கத்துல இருந்து நீங்கதானே பேசறீங்க?

தம்பிதுரை: மனப்பாடமே பண்ணி வெச்சிருக்கேன். "எங்க ஊர்ல தெனம் நாப்பத்தொம்பது பேரு பறக்கறாங்க..."

கயல்விழி: அதைச் சொல்லாதீங்க. நெசமாப் பறக்கறது பத்தொம்பது பேருன்னு சொல்லுங்க.

தம்பிதுரை: சொன்னா அங்கயே மூட்டையைக் கட்டிருவாங்களே அம்மணி. இந்த வயசுக்கு மேல நான் ஊர்ல எப்புடித் தலை நிமுந்து நடக்கறது?

கயல்விழி: நாளைக்கு மறைச்சாலும் எத்தனை மாசம் மொய் எழுதுவீங்க? இப்பவே ரெண்டு பேரு பின்வாங்கிட்டாங்கன்னு கேள்வி.

தம்பிதுரை: மூணு பேருங்க.

கயல்விழி: பாத்தீங்களா. ஏன் பத்தொம்பதுன்னு அவங்க கேக்கட்டும். அதுக்கு நம்மகிட்ட பதில் இருக்குது. நம்ம ஃப்ளைட்டு கெளம்பறதே மத்தியானம் பன்னெண்டு பத்துக்கு. சென்னைல எறங்கி வெளிய வாரப்ப ரெண்டு மணி. எந்த ஆபீசுல அதுக்கு மேல சோலி முடியும்? தங்கித்தான் வரோணும். கோயமுத்தூர்ல இருந்துன்னா காலைல போயிட்டு சாயங்காலம் ஊட்டுக்கு வந்தர்லாம். ஒண்ணு ரத்தானா இன்னொண்ணு. இங்க ரத்தானா மறுநாள்தான். காங்கேயத்துக்காரரும் உடுமலைக்காரரும் இதைத் தாண்டி கோயமுத்தூரு பீளமேட்டு ஏர்போர்ட்டு வரைக்கும் கார்ல போறாங்களே, திமிருக்குங்களா?

தம்பிதுரை: காலைல மாத்துனா... நெறையுமுங்களா?

கயல்விழி: நெறையும். சல்லிசு சீட்டைப் போறவங்களுக்கு உட்டு, நேரத்தையும் மாத்துனா, மூணு மாசத்துல நாப்பது பேரு ஏறுவாங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஏறாத ஃப்ளைட்டுக்கே இத்தனை நாள் காசு கட்டுன ஊருங்க இது. ஏறற ஃப்ளைட்டு குடுத்தா உட்டுருவாங்களா?

தம்பிதுரை: ...அது நல்லாருக்குதுங்க. அதையே சொல்லிப்போடறேன். மொய் எழுதுனது போதும், இனி நாங்க பந்தில உக்காந்து சாப்பிடறோம், எலையை நேரத்துக்குப் போடுங்கன்னு.

மாரப்பன்: உங்க மாமியாருக்கும் ஓய்வு கெடைக்குமுங்க.

தம்பிதுரை: நீங்க டீ போடுங்க மாரப்பன். இந்தத் தடவை சக்கரை நல்லாப் போட்டே குடுங்க.

கயல்விழி: ஆமாங்கண்ணா... பத்து மணி மீட்டிங்குக்கு எப்புடிப் போறீங்க?

தம்பிதுரை: எப்புடின்னா?

கயல்விழி: இன்னைக்கு ஃப்ளைட்டுல உங்க பேரு இல்லையேங்க.

தம்பிதுரை: இன்னைக்கே போயி ஒரு ராத்திரி லாட்ஜுக்குக் காசு அழுகறதுங்களா?

கயல்விழி: நாளைக்கு ஃப்ளைட்டு பன்னெண்டு பத்துக்குங்க.

தம்பிதுரை: ...மாரப்பன், டீ என்னாச்சுங்க?

கயல்விழி: அண்ணா...

தம்பிதுரை: கோயமுத்தூருங்க. காலைல ஆறே கால். போதுங்களா? மூணு மணிக்குக் கார் கெளம்புது. இந்த ஏர்போர்ட்டைக் காப்பாத்தப் போறவன் அந்த ஏர்போர்ட்டுல போயி ஏறறான்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். ஊட்ல கேட்டதுக்குக்கூட இங்கிருந்துதான் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

கயல்விழி: ஒளிக்காதீங்க. அந்த போர்டிங் பாஸை மீட்டிங்ல மேசை மேல எடுத்து வைங்க. நீங்க ஒரு மணி நேரம் பேசோணுங்கறதை அது ஒண்ணே பேசிப்போடும்.

தம்பிதுரை: அவங்க சிரிச்சாங்கன்னா?

கயல்விழி: சிரிக்கட்டுங்க. சிரிச்சு முடிச்சு நேரத்தை மாத்தட்டும்.

தம்பிதுரை: சரிங்க, வெக்கறேன். ஆனா கம்பெனி சார்புல நீங்களும் அங்க வாரீங்கதானே? நான் வெக்கறப்ப பக்கத்துல இருங்க, தனியா வெக்க ஒரு மாதிரியா இருக்கும். ஆமா... பத்து மணிக்கு நீங்க எப்புடிங்க வாரீங்க?

கயல்விழி: ...மூணு மணிக்குப் போறப்ப என்ற ஊட்டு வாசல்ல ஒரு ஹாரன் அடிங்கண்ணா. நானும் அதே ஆறே கால்தானுங்க.