ஒன்பதாம் நாள் பதில்

உங்கள் படிவத்தில் பதிலுக்கு விட்டிருந்த இடம் நாலு கோடுதான். என் கையெழுத்து கொஞ்சம் பெரிது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

‘ஏஐ செயலி தவறான பதிலை அனுப்பியது எப்படி?’ என்று கேட்டிருக்கிறீர்கள். போன வாரம் திருப்பதித் தலைமைச் சபையில் விசாரணைக்கு உட்கார்ந்த நீங்கள் மூன்று பேரும் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டீர்கள். மனைவியை இழந்தவர், வயதானவர், செல்போன் விஷயம் அவ்வளவாகத் தெரியாதவர் என்று என்னைப் பற்றி நீங்களே சொல்லி முடித்துவிட்டீர்கள். செயலியைக் கொண்டுவந்த சுதீரை மட்டும் வெளியே பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தீர்கள். வருகிற ஞாயிறு அவன் எங்கள் சித்தூர் சபையின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாகியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

சபைக்கு ஒரு ஜெப எண் இருந்தது உங்களுக்குத் தெரியும். பாஸ்டர் சம்பத் என்று என் பெயர்தான் போட்டிருக்கும். ஆனால் பத்தொன்பது வருஷம் அந்தப் போனை எடுத்தவள் என் மனைவி நளினி. நான் மேடையில் பேசுவேன், அவள் வாசலில் பேசுவாள். எங்கள் ஜனங்கள் ஒரு பெரிய காரியத்துக்கு முன்னால், அது கல்யாணமோ வீட்டுக்குக் கடகால் போடுவதோ ஆபரேஷனோ, ‘ஒரு வார்த்தை’ கேட்காமல் காலை எடுத்து வைக்க மாட்டார்கள். தேவன் எனக்குக் காட்டுவதை நான் சொல்ல வேண்டும். அப்படி யாராவது உடம்பு சரியில்லை என்று வந்து நின்றால், நான் வேதத்தைத் திறப்பதற்குள் நளினி சொல்லிவிடுவாள்: “ஜெபம் நாங்க பண்ணிக்கினு இருக்கோம். நீ மொதல்ல பஸ் ஏறு. கர்த்தரு திருப்பதி ஆஸ்பத்திரியிலயும் இருக்காரு.” வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். அதுதான் அவர்கள் கேட்ட வார்த்தை என்பது அவர்களுக்கும் தெரியும்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு அந்தப் போன் அடித்தால் எனக்குக் கை நீளவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது குரல் பதிவுகள் வரும். எல்லாவற்றிலும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று வலிக்கும். கேட்டுக்கேட்டு என்னிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. விசுவாசம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். களைப்பு, அவ்வளவுதான்.

சுதீர் நளினியின் தம்பி மகன், திருப்பதியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். என் நிலைமையைப் பார்த்து அவனாகத்தான் இந்தச் செயலியைக் கொண்டுவந்தான். பதினோரு வருஷத்துப் பிரசங்கப் பதிவுகளையும் அதற்குள் ஏற்றினான். நான் பேசுவதைப் போலவே, என் குரலிலேயே, தமிழில் கேட்டால் தமிழிலும் தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலும் பதில் சொல்லும். “மாமா, ஒவ்வொரு பதிலும் உங்ககிட்ட வந்து நிக்கும். நீங்க பாத்து அமுக்கினாத்தான் போவும். பாக்காம அமுக்காதீங்க” என்று சொல்லித்தான் கொடுத்தான். மூன்று வாரம் பார்த்தேன். பிறகு, தானாகவே போகட்டும் என்று அதில் இருந்த ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டேன். அது அவனுக்குத் தெரியவந்தது பல மாதம் கழித்து. கோபித்துக்கொண்டான். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

அதனால் நன்மையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சத்தியவேடு பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு பெண், ஷிஃப்ட் முடிந்து விடுதிக்கு வந்து, பூச்சிமருந்து வாங்கி வைத்திருப்பதாக ஒரு நாள் விடியற்காலையில் எழுதியிருந்தாள். அது அவளை ஒன்றரை மணி நேரம் பேச்சிலேயே நிறுத்தி வைத்து, பக்கத்து அறைப் பெண்ணை எழுப்ப வைத்தது. நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சபைக்கு வந்து சாட்சி சொன்னபோது, ஐயா என்னோடு விழித்திருந்தார் என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மை என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த வருஷம் சபையில் பதினெட்டுக் குடும்பம் கூடியது.

கோவர்த்தனன் மாங்காய் சீசனில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளுக்கு மினி லாரி ஓட்டுபவன். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தான். வாயாடி. “எங்க மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்த கேட்டா ரெண்டு நாள் ஆவுது. நீங்க ரெண்டு நிமிசத்துல சொல்றீங்க. கர்த்தரு உங்க பக்கத்துலயே குந்திக்கினு கீறாரா, ஐயா?” என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டான். நானும் சிரித்தேன்.

அவனுக்குச் சர்க்கரை இருந்தது. வலது காலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. திருப்பதியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, அந்த வாரத்துக்குள் இரண்டு விரலை எடுத்துவிட வேண்டும், தள்ளினால் காலுக்கு ஏறும், அதற்குமேல் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார். பிரேக்கை மிதிக்கிற கால். விரல் போனால் வண்டி போகும் என்று அவனுக்குப் பயம். ஒரு வெள்ளிக்கிழமை ஜெப எண்ணுக்கு அவன் மனைவி காஞ்சனா ஒரு வார்த்தை கேட்டு அனுப்பினாள்.

பதில் உடனே போனது. அதை நீங்கள் படித்துவிட்டீர்கள். பலமனேர்க்காரி ஒருத்திக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள், அவள் இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தாள், கத்தி படாமல் சுகம் பெற்றாள், நீங்களும் இருபத்தொரு நாள் காத்திருங்கள் என்றிருந்தது. செயலி இதைக் கற்பனை செய்தது என்று உங்கள் அறிக்கையில் எழுதப்போகிறீர்கள். அது தப்பு. அது என் சாட்சி. இத்தனை வருஷத்தில் முப்பது தடவையாவது மேடையில் சொல்லியிருப்பேன். முதல் இரண்டு தடவை முழுதாகச் சொன்னேன். இருபத்திரண்டாம் நாள் நளினி அவளை வேலூருக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்துவைத்ததும் அதில் இருந்தது. சொல்லச்சொல்ல வேலூர் சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் உதிர்ந்துவிட்டது. அது இல்லாமல் சொன்னபோது ஜனங்கள் அதிகம் அழுதார்கள். நாங்கள் பதிவு செய்ய ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். வாசலில் நளினி சொன்னது எதுவும் பதிவாகவில்லை. அந்தச் செயலிக்கு மேடை மட்டும்தான் தெரியும். வாசல் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை அந்தப் பதிலை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். பார்த்தேன். மாலையில் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று சட்டையைக்கூடப் போட்டேன். பிறகு, நாளைக்கு ஆராதனைக்கு வருவார்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவிலேயே கோவர்த்தனன் எழுந்து நின்று, தனக்கு வந்த வார்த்தையைச் சாட்சியாகச் சொன்னான். ஜனங்கள் கை தட்டினார்கள். முப்பத்திரண்டு குடும்பம் அவனோடு மதியச் சாப்பாட்டை விடுவதாகக் கை தூக்கினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமென் என்றேன்.

சர்க்கரைக்காரன் சாப்பாட்டை விடும்போது மாத்திரையை என்ன செய்கிறான் என்று நான் கேட்கவில்லை. காஞ்சனா தினமும் ஒரு வரி அனுப்புவாள். மூணாம் நாள் ஐயா. நாலாம் நாள் ஐயா. செயலி ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் அனுப்பும். அந்த வாரத்தில்தான் சுதீர் போன் செய்தான். இதே மாதிரிச் செயலியால் வேறொரு ஊரில் ஏதோ நடந்ததாகக் கேள்விப்பட்டானாம். ஜுரம், வீக்கம், ரத்தம் என்று யாராவது எழுதினால் முதலில் டாக்டரிடம் போகச் சொல்லும்படியும், அந்தப் பதில் மட்டும் என் அனுமதிக்குக் காத்து நிற்கும்படியும் மாற்றியிருப்பதாகச் சொன்னான். நல்லது என்றேன்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். காஞ்சனாவின் குரல் பதிவு வந்தது. அதை என் காதால் கேட்டேன். “ஐயா, பாதம் பூரா கறுத்துக்கினு வருது. ராத்திரிலேருந்து ஜுரம். சோறு துன்ன மாட்டேங்குறாரு. திருப்பதிக்கு இட்டுக்கினு போவட்டுங்களா? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்.” பின்னால் கோவர்த்தனன் ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்ப்பதும் கேட்டது.

அதற்குச் செயலி எழுதி நிறுத்தியிருந்த பதில் எனக்கு மனப்பாடம். ‘அம்மா, இப்போதே புறப்படுங்கள். தாமதிக்க வேண்டாம். இது உயிருக்கு ஆபத்தான நிலையாக இருக்கலாம். ஜெபம் வழியிலும் செய்யலாம்.’ படித்ததும் எனக்கு நளினி ஞாபகம் வந்தது. அவள் சொல்வதைப் போலவே இருந்தது. அதன் கீழே இரண்டு பொத்தான்கள், அனுப்பு, அழி.

மறுநாள் ஞாயிறு. கோவர்த்தனன் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துக்கொண்டு படுத்திருப்பான். முப்பத்திரண்டு குடும்பம் என்னைப் பார்ப்பார்கள். ஐயாவுக்கு வந்த வார்த்தை என்னாயிற்று என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், கேட்காமலே பார்ப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவார்கள். அந்தப் பெண்ணோடு விடியற்காலையில் விழித்திருந்தது யார் என்பது வரைக்கும் போவார்கள். இதை ஒரு நிமிஷத்தில் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுந்துபோய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து யோசித்தேன்.

பிறகு அந்தப் பதிலை அழித்தேன். என் விரலால் தட்டச்சு செய்தேன்: ‘மகளே, இன்னும் பன்னிரண்டு நாள்தான். இப்போது எழுந்து போனால் ஒன்பது நாளும் வீண். சந்தேகப்படாதே.’ எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்தேன். அனுப்பினேன். அந்த ஒரு பதில்தான் நான் எழுதியது. அதையும் செயலியின் கணக்கில்தான் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். சுதீரின் கம்ப்யூட்டரில் தேடினால் அழித்ததும் கிடைக்கும். அவன் தேடிப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அதற்குப் பிறகு ஏழு நாள். இரண்டு தெருவையும் நான் தாண்டவில்லை. பதினாறாம் நாள் காஞ்சனா என்னைக் கேட்காமல், அவள் மைத்துனன் சுனிலோடு சேர்ந்து கோவர்த்தனனைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தொடை வரைக்கும் எடுத்தாலும் பிழைப்பது கஷ்டம் என்றார்களாம். மறுநாள் மதியம் முடிந்துவிட்டது. சுனில்தான் ஜெப எண்ணுக்குப் பின்னால் செயலி இருப்பதை விசாரித்துக் கண்டுபிடித்து உங்களுக்கு எழுதினான். நல்ல பையன். ஆனால் உண்மையில் பாதிதான் அவனுக்குக் கிடைத்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காஞ்சனா என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் படியிலேயே நின்றாள். “இன்னும் அஞ்சு நாளு நான் பொறுத்திருந்தா, அவரு எழுந்து வண்டி ஓட்டிக்கினு போயிருப்பாரு, இல்லீங்களா ஐயா? நான்தான் அவசரப்பட்டுட்டேன். என்ன மன்னிச்சிடுங்க” என்றாள். நான் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். தேவன் உன் அவிசுவாசத்தை மன்னித்தார், நீ சமாதானத்தோடே போ என்று சொன்னேன். நன்றாகவே ஜெபித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குச் சொந்தமாக வார்த்தை வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சுதீரை ஞாயிற்றுக்கிழமை நிறுத்த வேண்டாம். என் பெயரை எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். போலீசுக்குப் போக வேண்டுமென்றால் நானே வருகிறேன்.

காஞ்சனாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். அவள் விசுவாசத்தில் இப்போதுதான் நிலைத்திருக்கிறாள், இதைத் தாங்க மாட்டாள்.